ஒரே சாசனம், இரண்டு வாசிப்புகள்: மேடிசனா, ஹாமில்டனா?

1787 அக்டோபரில் நியூயார்க் பத்திரிகைகளில் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் கட்டுரைகள் வரத் தொடங்கின. அமெரிக்காவின் புதிய அரசியல் சாசனத்தை ஏன் ஏற்க வேண்டும் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் நோக்கம். மொத்தம் 85 கட்டுரைகள். அவற்றில் 51 அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதியவை, 29 ஜேம்ஸ் மேடிசன் எழுதியவை, மீதி ஐந்து ஜான் ஜே எழுதியவை. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள், தோளோடு தோள் நின்ற அந்த முதல் இருவரும் அதே சாசனத்தின் பொருள் என்ன என்பதில் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். அதிலும் மேடிசன் ஒரு தேசிய வங்கியை 1791-இல் கடுமையாக எதிர்த்துவிட்டு, குடியரசுத் தலைவரான பிறகு 1816-இல் அதே மாதிரி வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார். 'பல்டி அடித்தார்' என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. வங்கி தேவையா என்ற கேள்வியில் ஹாமில்டன் சொன்னது சரி. சாசனத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்ற கேள்வியில் நான் மேடிசன் பக்கம்.

முதலில் ஆட்களைப் பார்த்துவிடுவோம். ஹாமில்டன் கரீபியன் தீவான நெவிஸில் பிறந்தவர். தாயை இழந்து, ஒரு வணிகக் கடையில் எழுத்தராக வேலை பார்த்து, பிறகு நியூயார்க் வந்து சேர்ந்தவர். விடுதலைப் போரில் தளபதி வாஷிங்டனுக்கு உதவியாளராக இருந்தபோது, கையில் காசில்லாத காங்கிரசால் (அமெரிக்க நாடாளுமன்றம்) படை பட்டினி கிடந்ததைக் கண்ணால் கண்டவர். அரசு என்றால் அதற்குப் பணமும், நம்பிக் கடன் கொடுக்கும்படியான நற்பெயரும் வேண்டும் என்ற பாடம் அங்கே படிந்தது. மேடிசன் வர்ஜீனியாவின் மான்ட்பெலியர் பண்ணை வீட்டு மூத்த மகன். பிரின்ஸ்டனில் படித்தவர், நோஞ்சான் உடம்பு, போர்முனைக்குப் போகவில்லை. 1776-இல், 25 வயதில், வர்ஜீனியா மாநாட்டில் மதச் சுதந்திரப் பிரிவின் வாசகத்தையே மாற்ற வைத்தார். மாற்று மதத்தாரைச் 'சகித்துக்கொள்வது' என்று இருந்ததை, எல்லோருக்கும் சம உரிமை என்று ஆக்கினார். மறு ஆண்டு தேர்தலில் தோற்றுப்போனார். வாக்காளர்களுக்குச் சாராயம் வாங்கித் தருவது அங்கே வழக்கம், அதற்கு அவர் மறுத்துவிட்டார். இதே மனிதரின் பண்ணையில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் உழைத்தார்கள். உயிலில்கூட அவர்களை விடுவிக்கவில்லை. அவருடைய சுதந்திரப் பேச்சு எதைப் படித்தாலும் இது கூடவே நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும்.

சாசனத்தை வரைந்த 1787 பிலடெல்பியா மாநாட்டில் இருவருக்கும் பெரிய விரிசல் எதுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. இருவருமே வலுவான மத்திய அரசு கேட்டார்கள். மேடிசனின் சிந்தனையில் உருவாகி, எட்மண்ட் ராண்டால்ஃப் மே 29 அன்று முன்வைத்த வர்ஜீனியா திட்டம்தான் விவாதத்துக்கு அடித்தளம். மாநிலச் சட்டங்களை ரத்துசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு வேண்டும் என்றுகூட மேடிசன் கேட்டார், கிடைக்கவில்லை. ஹாமில்டன் ஒரு படி மேலே போனார். ஜூன் 18 அன்று ஏறக்குறைய ஆறு மணி நேரம் பேசி, நன்னடத்தை உள்ளவரை, அதாவது ஆயுள் முழுக்க, பதவியில் இருக்கும் தலைவரையும் செனட்டர்களையும் (மேலவை உறுப்பினர்கள்) கேட்டார். யாரும் கூடச் சேரவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு அப்போதே தெரிகிறது. அரசிடம் செயலூக்கம் இருக்கிறதா என்று ஹாமில்டன் பார்க்கிறார். அந்த அரசை எதைக் கொண்டு அடக்குவது என்று மேடிசன் பார்க்கிறார்.

முதல் மோதல் 1790-இல், கடன் விவகாரத்தில். போர்க்காலத்தில் வீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் கடன் பத்திரம் கொடுத்திருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு அவர்கள் அதை முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்கு விற்றுவிட்டார்கள். இப்போது நிதிச் செயலர் ஹாமில்டன், பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முழுத் தொகை என்றார். மேடிசன் எழுந்து, வாங்கியவருக்குச் சந்தையின் உச்ச விலையைக் கொடுங்கள், மிச்சத்தை முதலில் பெற்ற வீரருக்குக் கொடுங்கள் என்றார். 36-க்கு 13 என்று தோற்றார். மனசாட்சிக்கு மேடிசன் பக்கம்தான் பிடிக்கிறது. ஆனாலும் கை மாறிய பத்திரங்களின் பழைய உரிமையாளர்களைத் தேடிப் பிடிப்பது அன்று நடக்கிற காரியமில்லை. போதாததற்கு, இப்படிப் பிரித்துப் பார்ப்பது தவறு என்று 1783-இல் மேடிசனே எழுதியிருந்தார். இந்தச் சுற்று ஹாமில்டனுக்கு.

வங்கிக்கு வருவோம். ஒரு கோடி டாலர் மூலதனம், அதில் ஐந்தில் ஒரு பங்கு அரசுடையது, 20 ஆண்டுக்குப் பட்டயம், அதாவது வங்கி நடத்த அரசு தரும் உரிமம். இதுதான் ஹாமில்டனின் திட்டம். வங்கி தொடங்கும் அதிகாரம் காங்கிரசுக்கு உண்டு என்று சாசனத்தில் ஒரு வரிகூட இல்லை. அதிகாரப் பட்டியலின் கடைசியில், பட்டியலில் உள்ளவற்றை நிறைவேற்றத் 'தேவையான, பொருத்தமான' சட்டங்களை இயற்றலாம் என்று ஒரு வாசகம் உண்டு. சண்டை முழுக்க அந்த இரண்டு சொற்களைச் சுற்றித்தான்.

'தேவையான' என்றால் அது இல்லாமல் முடியவே முடியாது என்று பொருளல்ல என்பது ஹாமில்டனின் வாதம். நோக்கம் பட்டியலில் இருக்கிறதா, வழிக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறதா, சாசனம் அதைத் தடுக்கவில்லையா, அது போதும். வரி வசூலிக்கவும் கடன் வாங்கவும் வங்கி உதவும், ஆகவே வங்கி செல்லும். எளிமையான, உறுதியான வாதம். 1819-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், மெக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில் ஏறக்குறைய இதே வழியில்தான் தீர்ப்பு எழுதினார்.

மேடிசன் 1791 பிப்ரவரி 2 அன்று அவையில் பேசியது அகராதிச் சண்டை அல்ல. ஒன்றுக்கு உதவும் இன்னொன்று, அதற்கு உதவும் வேறொன்று என்று சங்கிலி கோத்துக்கொண்டே போனால் மத்திய அரசுக்கு எட்டாதது எதுவுமே மிஞ்சாது என்றார். பட்டயம் வழங்கும் அதிகாரத்தைப் பிலடெல்பியாவில் கேட்டும் மாநாடு தரவில்லை என்பதை நினைவூட்டினார். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த வாதம். மாநில மாநாடுகளில் மக்களிடம் நாம் என்ன சொல்லி ஒப்புதல் வாங்கினோம் என்று கேட்டார். பட்டியலில் உள்ளதைத் தாண்ட மாட்டோம் என்றுதானே? வர்ஜீனியாவில் சாசனம் 89-க்கு 79 என்றுதான் தேறியது. ஆறு பேர் மனம் மாறியிருந்தால் தோற்றிருக்கும். பேட்ரிக் ஹென்றியை எதிர்த்து அங்கே வாதாடி அந்த ஒப்புதலை வாங்கியவர்களில் முதன்மையானவர் மேடிசன். வாக்குக் கொடுத்தவரே அதை மீறுவதா?

அவர் பக்கம் ஓட்டையும் உண்டு. நோக்கம் கட்டாயமென்றால் வழிக்கும் அனுமதி உண்டு என்று பப்ளியஸின் 44-ஆவது கட்டுரையில் எழுதியவர் மேடிசனேதான். தலைநகரம் வர்ஜீனியாவை ஒட்டிய பொட்டோமாக் ஆற்றின் கரைக்கு வராமல் பிலடெல்பியாவிலேயே வங்கியோடு தங்கிவிடுமோ என்ற வர்ஜீனியாக்காரர்களின் கவலையும் பின்னால் இருந்தது. மசோதா 39-க்கு 20 என்று தேறியது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த வாஷிங்டன் தயங்கி, மறுப்புரை ஒன்றை எழுதித் தரும்படி மேடிசனையே கேட்டார். கடைசியில் ஹாமில்டனின் பதில் அவரை வென்றது.

பிறகு மேடிசனின் முறை வந்தது. 1809-இல் குடியரசுத் தலைவர் ஆனார். 1811-இல் வங்கியின் பட்டயம் முடிந்தது. அவருடைய நிதிச் செயலர் ஆல்பர்ட் காலட்டின் புதுப்பிக்கச் சொன்னார், மேடிசன் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. செனட்டில் 17-க்கு 17 என்று சமமாகி, துணைத் தலைவர் ஜார்ஜ் கிளின்டனின் வாக்கில் வங்கி மூடியது. மறு ஆண்டே பிரிட்டனுடன் போர். கடன் திரட்ட வங்கி இல்லை. 1814-இல் வாஷிங்டன் நகரம் எரிந்தது. நாட்டின் பெரும்பகுதியில் வங்கிகள் நோட்டுக்கு உலோகப் பணம் தருவதை நிறுத்தின. அந்த மௌனம் அவருடைய அரசியல் வாழ்வின் பெரிய பிழைகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

1815 ஜனவரியில் ஒரு வங்கி மசோதா வந்தபோது, அது நிதிநிலைக்கு உதவாது என்று திருப்பி அனுப்பினார். ஆனால் அந்தச் செய்தியில், சாசனம் இடம் தருகிறதா என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை என்றார். 20 ஆண்டாகச் சட்டமன்றமும் நிர்வாகமும் நீதிமன்றமும் வங்கியை ஏற்றுவிட்டன, மக்களும் ஏற்றுவிட்டார்கள், ஆகவே அந்தக் கேள்வி முடிந்தது என்பது அவர் காரணம். 1816 ஏப்ரலில் மூன்றரைக் கோடி டாலர் மூலதனத்தோடு இரண்டாம் வங்கி அவர் கையெழுத்தில் பிறந்தது.

இதைப் பல்டி என்பவர்கள் இரண்டு முடிவுகளை மட்டும் பார்க்கிறார்கள். அடியில் இருக்கும் விதி 1791-இலும் 1816-இலும் ஒன்றேதான்: சாசனத்தின் பொருளை முடிவு செய்வது எழுதியவர்களோ ஆட்சியில் இருப்பவரோ அல்ல, ஏற்றுக்கொண்ட மக்கள். 1791-இல் அவர்கள் வங்கிக்கு ஒப்பவில்லை, 1816-க்குள் ஒப்பிவிட்டார்கள். ஹாமில்டன் வாதத்தில் மக்களுக்கு இப்படி ஓர் இடம் இல்லை. நல்ல பொருளாதார அறிஞர் கையில் அது அருமையான கருவி. ஆனால் அந்தக் கையில் யார் வேண்டுமானாலும் வரலாம். 1798-இல் அரசை விமர்சித்த பத்திரிகையாளர்களைச் சிறையில் தள்ளிய தேசத்துரோகச் சட்டம் வந்தது. 'தேவையான' என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்று நாடு அப்போது பார்த்தது. அதை எதிர்த்து வர்ஜீனியா தீர்மானத்தை எழுதியவர் மேடிசன்.

கொள்கையை அவர் கைவிட்டுவிட்டாரா என்று சந்தேகம் இருப்பவர்கள் 1817 மார்ச் 3-ஐப் பார்க்கலாம். மறுநாள் பதவியை ஜேம்ஸ் மன்றோவிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய வங்கியிலிருந்து வரும் பணத்தில் சாலைகளும் கால்வாய்களும் அமைக்க ஒரு மசோதா அவர் மேசைக்கு வந்தது. அவை நாட்டுக்கு வேண்டும் என்று அவரே காங்கிரசிடம் சொல்லியிருந்தார். இருந்தும் மறுத்தார். சாசனத்தில் இந்த அதிகாரம் இல்லை, வேண்டுமென்றால் திருத்தம் கொண்டுவந்து மக்களிடம் கேளுங்கள் என்று எழுதினார். அந்தத் திருத்தம் கடைசிவரை வரவில்லை.