நாட்டுச் சின்ன அட்டைகள்: படம் அருமை, பின்பக்கம் சுமார்

உலக நாடுகளின் கொடி, சின்னம், புகழ்பெற்ற கட்டடங்கள் எல்லாம் இருக்கிற இந்த அட்டைப் பெட்டியை நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். நேபாளக் கொடி மட்டும் ஏன் செவ்வகமாக இல்லை, உலகத்திலேயே இல்லாத ஒற்றைக்கொம்புக் குதிரை எப்படி ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கானது என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும், அதுதான் இதன் பலம். அட்டையும் நல்ல தடிமன். ஆனால் பின்பக்கம் எழுதியிருப்பது பிள்ளைகளுக்கா பரீட்சைக்கா என்றே தெரியவில்லை: ஈபிள் கோபுரம் 1889, சுதந்திர தேவி சிலை 1886 என்று வெறும் ஆண்டுகள். அந்தச் சிலை பிரான்ஸ் மக்கள் அமெரிக்காவுக்குக் கொடுத்த பரிசு என்று ஒரு வரி போட்டிருந்தால் பிள்ளைகள் விடவே மாட்டார்கள்! அப்புறம், ‘நாட்டை நேசி’ என்று மட்டும் ஒரு அட்டை. அதை ஓரமாக வைத்துவிட்டேன். அதற்குப் பதில் கொடியைத் தாங்களே வரைந்து வண்ணம் தீட்ட நாலு வெற்று அட்டை வைத்திருக்கலாம்.