பத்து பார் காற்றின் மேல் ஒரு வருடம்

எங்களுக்குக் கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறை. இருபத்தைந்து வருடமாக ஓ-ரிங், கிளாண்டு, ஆயில் சீல் இவற்றோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அதனால், "இந்த வண்டியின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கே கிடையாது, வெறும் காற்றுதான்" என்று கேட்டதும் ஆசைக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஃபோர்க் என்றால் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மேடுபள்ளத்தில் இறங்கி ஏறும் இரண்டு குழாய்க் கால்கள். தண்ணீரை அடைத்து வைப்பதே பெரும்பாடு. காற்றை 10 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அடைத்து, ஒவ்வொரு ஜம்ப்பிலும் நசுக்கி, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் வைக்க வேண்டுமென்றால்?

வண்டி கேடிஎம் 250 எஸ்எக்ஸ்-எஃப். 2024 நவம்பரில் அந்த கம்பெனி இந்தியாவில் இறக்கிய மோட்டோகிராஸ் வண்டிகளில், அதாவது மண் தடத்தில் தாவிப் பந்தயம் ஓடும் வண்டிகளில், ஒன்று. அப்போது விலை பத்து லட்சத்தை ஒட்டி வந்தது. லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. ரோட்டில் ஓட்ட முடியாது, குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வாங்கியது நான். ஓட்டுவது நானும் அக்கா மகனும். நான் 92 கிலோ, அவன் 61 கிலோ. நான் இங்கே எழுதப்போவது எல்லாம் இந்த 31 கிலோ வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

வண்டியில் இருப்பது, கேடிஎம் வண்டிகளுக்கு ஃபோர்க் செய்யும் டபிள்யூபி கம்பெனியின் எக்ஸாக்ட் 48 மில்லிமீட்டர் ஃபோர்க். வெளியே பார்த்தால் இரண்டு காலும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு வேறு. இடது கால் முழுக்கக் காற்று, அதுதான் ஸ்பிரிங். வலது காலில் ஆயிலும் டேம்பிங்கும், அதாவது துள்ளலை அடக்கும் ஏற்பாடும். இடது காலின் தலையில் ஒரே ஒரு வால்வு, சைக்கிள் ஷாக் பம்ப் நேராகப் பொருந்தும். நிறைய காற்றை ஒரு குழாயில் அடைத்தால் தொடக்கத்திலேயே விறைத்துக்கொண்டு நிற்கும், சின்னக் கல்லுக்கு இறங்காது. அதைச் சமன் செய்ய பிஸ்டனுக்கு மறுபக்கம் இன்னொரு காற்றறை உண்டு, அது எதிர்ப்பக்கமாகத் தள்ளும். மேல் அறையில் அடிக்கும் காற்று ஒரு சின்ன வழியாகக் கீழ் அறைக்கும் தானே போய்ச் சமமாகிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த ஒரு ஏற்பாடுதான்.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. ஜப்பான்காரர்களும் இதை முயன்று பார்த்தவர்கள். 2013-இல் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர், கவாஸாகி கேஎக்ஸ்450எஃப் இரண்டிலும் கேஒய்பி என்ற ஃபோர்க் கம்பெனியின் காற்று ஃபோர்க் வந்தது. அப்புறம் ஷோவா என்ற இன்னொரு ஃபோர்க் கம்பெனி கொண்டுவந்ததில் காற்றறை மூன்று, மூன்றுக்கும் தனித்தனி அளவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வால்வில் பம்ப் மாட்டிக்கொண்டிருந்தால் எப்போது வண்டி ஓட்டுவது? 2017-இல் ஹோண்டா ஸ்பிரிங்குக்கே திரும்பிவிட்டது. 2018-இல் சுசுகி, 2019-இல் கவாஸாகி. யமஹா அந்தப் பக்கமே போகவில்லை. ஒரே வால்வோடு காற்றில் நின்றது டபிள்யூபி. அதே கேடிஎம்-இன் எண்டியூரோ வண்டியான 350 இஎக்ஸ்சி-எஃப் ஸ்பிரிங் ஃபோர்க்கோடுதான் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நாள் முழுக்கக் காட்டில் ஓடும் வண்டிக்கு ஸ்பிரிங், அரைமணி நேரம் பந்தயம் ஓடும் வண்டிக்குக் காற்று என்று கம்பெனியே பிரித்து வைத்திருக்கிறது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஸ்பிரிங் ஃபோர்க்காக இருந்தால் எனக்கு ஒரு ஜோடி, மருமகனுக்கு ஒரு ஜோடி ஸ்பிரிங் வேண்டும். இங்கே அதை ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்து, ஃபோர்க்கைக் கழற்றி, ஆயில் கொட்டி, மாற்றி, அடுத்த வாரம் அவன் ஓட்டும்போது திரும்பவும் கழற்ற வேண்டும். இப்போது நடப்பது வேறு. பழைய மர ஸ்டூலில் வண்டியை ஏற்றி, முன் சக்கரத்தைத் தரையில் படாமல் நிறுத்தி, எனக்கு 10.8 பார், அவனுக்கு 9.6. ஐந்து நிமிட வேலை. முதல் நாள் என் அளவிலேயே ஏறி ஒரு சுற்று வந்தவன், கையை உதறிக்கொண்டே "மாமா, முன்னாடி கல்லு மாதிரி இருக்குங்க" என்றான். 0.2, 0.2 ஆக இறக்கிக்கொண்டே வந்தோம். 9.6-இல் சிரிப்பு வந்தது. இந்த ஒரு வசதிக்காகவே காற்று ஃபோர்க்கை மன்னித்துவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எடையும் குறைவு. இந்த வரிசையின் முதல் ஃபோர்க் வந்தபோது, அதற்கு முன்பிருந்த ஸ்பிரிங் ஃபோர்க்கைவிட 1.66 கிலோ குறைவு என்று கம்பெனி சொன்னது. பார்க்கச் சின்ன எண். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது என் தோளுக்குத் தெரிகிறது.

இனி தொல்லைகள்.

முதலில், பம்ப். டயருக்கு நாங்கள் அடிப்பது 1 பாருக்கும் குறைவு, ஃபோர்க்குக்கு அதைப்போலப் பத்து மடங்கு. பஞ்சர் கடை அண்ணன் பாசமாக கம்ப்ரஸர் ஹோஸை நீட்டினார், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். காற்றறை மிகச் சிறியது, ஒரு தட்டுத் தட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் வரும், அது எங்கள் தொழிலில் தினமும் பார்ப்பது. கை பம்புதான் சரி. இன்னொன்று: அளவு பார்க்க பம்பை மாட்டும்போதே கொஞ்சம் காற்று அதன் குழாய்க்குள் ஏறிவிடும், முள் குறைத்துத்தான் காட்டும். தெரியாத காலத்தில் "தினமும் லீக் ஆகிறது" என்று நான் தூக்கம் கெட்டேன். என்னிடம் இருக்கும் இரண்டு பம்புக்குள்ளேயே 0.3 பார் வித்தியாசம். எது சரி என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒரே பம்பை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, வெயில். கோத்தகிரிப் பக்கம் நண்பருக்குச் சொந்த நிலம் உண்டு. ஒரு மதியம் பட்டறையிலேயே மருமகனுக்காக 9.6 வைத்து வண்டியை ஏற்றினோம், அப்போது 34 டிகிரி இருக்கும். மறுநாள் காலை மேலே 14 டிகிரி. ஏறிய உடனே "பிரேக் பிடிச்சா மூக்கு குத்துதுங்க மாமா" என்றான். பம்பை மாட்டினால் 9.0. லீக் எதுவும் இல்லை. 20 டிகிரி குளிர்ந்தால் அடைபட்ட காற்றின் அழுத்தம் ஆறேழு சதவீதம் இறங்கும், பள்ளிக்கூடத்தில் படித்த அதே பாடம். ஸ்பிரிங்குக்கு இந்தக் கவலையே கிடையாது. இப்போதெல்லாம் ஓட்டும் இடத்துக்குப் போய், வண்டியை அரைமணி நேரம் நிழலில் நிறுத்தி, அப்புறம்தான் அளவு. கூடவே இரண்டு காலின் தலையிலும் இருக்கும் சின்னத் திருகுகளைத் திறந்து, சேர்ந்திருக்கும் வெளிக்காற்றையும் விட்டுவிட வேண்டும். மலை ஏறினால் அது 'ஸ்ஸ்' என்று காதில் விழும்.

பின்பக்கம் ஏன் இன்னும் ஸ்பிரிங் என்பதற்கும் விடை ஓரளவு இதிலேயே இருக்கிறது. பின் ஷாக், எஞ்சினுக்கும் சைலன்ஸருக்கும் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும். முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1976-இல் கென்ட் ஹோவர்ட்டன் என்ற பந்தய வீரர் ஃபாக்ஸ் கம்பெனியின் காற்று ஷாக்கோடு அமெரிக்க 500 சிசி பட்டமே வென்றார். 2005-இல் பிஎம்டபிள்யூ எச்பி2 எண்டியூரோவின் பின்பக்கம் காற்றில்தான் நின்றது.

மூன்றாவது தொல்லையை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முன்னால் காற்றை இறக்கி மருமகனுக்குச் சரி செய்துவிட்டேன். பின்னால்? அங்கே இருப்பது 75 முதல் 85 கிலோ வரையிலான ஆளுக்குப் போட்ட ஸ்பிரிங். நானும் அதில் அடங்க மாட்டேன், அவனும் அடங்க மாட்டான். திருகி இறுக்கலாம், தளர்த்தலாம், ஆனால் ஸ்பிரிங்கின் பலம் மாறாது. அவன் ஓட்டினால் பின்பக்கம் உதைக்கிறது, நான் ஓட்டினால் உட்காருகிறது. முன்பக்கம் கிடைத்த சுதந்திரம் பாதிதான் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது.

ஓட்டும் சுகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஜம்ப்பில் இந்த ஃபோர்க் ராஜா. கடைசிப் பகுதியில் காற்று தானே இறுகிக்கொள்வதால் ஃபோர்க் முழுக்க இறங்கி அடி தட்டுவதே இல்லை. உளுந்து உருண்டை அளவு கல் பரப்பிய செம்மண்ணில் மெதுவாகப் போகும்போதுதான் குறை தெரியும். அழுத்தத்தில் சீல் கம்பியை இறுகப் பிடிப்பதால் முதல் அசைவு தயங்குகிறது. பழைய ஸ்பிரிங் வண்டியில் அந்த இடத்தில் கைக்கு எதுவும் தெரியாது.

ஒரே ஒரு தடவை கைவிட்டது, அதுவும் என் தப்பு. வால்வு மூடியைப் போட மறந்து புழுதியில் ஓட்டியிருக்கிறேன், ஒரு மணல் துகள் உள்ளே உட்கார்ந்துவிட்டது. காலையில் ஷெட்டைத் திறந்தால் வண்டி நாய் மாதிரி முன்னங்காலை நீட்டிப் படுத்திருக்கிறது. ஸ்பிரிங்காக நிற்கும் காற்று எல்லாம் ஒரே காலில் இருப்பதால் அது போனால் தாங்க வேறு எதுவும் இல்லை. வால்வு ஊசியை மாற்றினேன், சரியானது. ஓடும்போது ஆகியிருந்தால் என்று அக்காவிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு கழுவலுக்கும் பிறகு, புழுதியைத் தடுக்கும் டஸ்ட் சீலை இறக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி சுற்றிலும் விட்டு மண்ணை எடுக்கிறேன். நாற்பது மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆயில் கசியவில்லை. குட்டியானையில் கட்டும்போது ஃபோர்க் நசுங்கியே கிடக்காமல் இருக்க டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டு.

காற்றை எடுத்துவிட்டு ஸ்பிரிங் போடும் கிட் கிடைக்கிறது, வாங்குங்கள் என்று ஓட்டும் நண்பர்கள் இருவர் நச்சரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் ஓட்டும் வண்டியாக இருந்தால் வாங்கியிருப்பேன். நான் ஆர்டர் போட்டது மருமகனுக்கு மெல்லிய பின் ஸ்பிரிங் ஒன்று. இன்னும் வரவில்லை. ஃபோர்க் கார்டில் மார்க்கரால் "மாமா 10.8, நான் 9.6, நிழலில்" என்று அவனே எழுதி வைத்திருக்கிறான்.