காளானும் லைக்கனும் படமெடுக்க டிஜி-7 கேமரா: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூர்க் காடுகளில் காளான் படமெடுக்கப் போகிறவர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய விதிகள் இரண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் பராமரிப்பில் உள்ள காப்புக்காடுகளில் எதையும் பறிக்கக் கூடாது. குறிக்கப்பட்ட நடைபாதையை விட்டு விலகவும் கூடாது. காளானைப் பிடுங்கி, வெளிச்சத்தில் வைத்து, திருப்பித் திருப்பிப் படமெடுக்கும் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை என்பதால், பாதையோரத்தில் குனிந்த நிலையில், இருக்கிற வெளிச்சத்தில், பெரும்பாலும் ஈரத்தில் வேலை செய்யக்கூடிய கேமராதான் நமக்கு உதவும். ஓஎம் சிஸ்டம் நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட டஃப் டிஜி-7 கேமராவை இந்த ஒரு நோக்கத்தை வைத்தே மதிப்பிடுகிறேன். இது நீருக்கடியிலும் இயங்கும் கேமரா என்பதால், முக்குளிப்பவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேறு செய்திகள் இருக்கும்.

இதன் தலையாய சிறப்பு நுண்ணோக்கி முறை. லென்ஸின் முகப்பிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருக்கும் பொருளையும் இது தெளிவாகக் காட்டுகிறது. மழைக்குப் பிறகு மட்கிய கிளைகளில் முளைக்கும் குக்கீனா என்ற கிண்ணக் காளானை எடுத்துக்கொள்வோம். அதன் ஓரினத்துக்குக் கிண்ணத்தின் வெளிப்புறமெங்கும் நீண்ட மயிரிழைகள் இருக்கும். சாதாரணக் கைப்பேசியில் எடுத்தால் இளஞ்சிவப்புக் கிண்ணம் ஒன்று தெரியும், அவ்வளவே. டிஜி-7இல் மயிரிழைகள் தனித்தனியே நிற்பதும் அவற்றில் தொங்கும் நீர்த்துளிகளும் தெரிகின்றன. விழுந்த மரங்களில் எங்கும் காணப்படும் பிளவுச்செவுள் காளான், அதாவது சைசோஃபில்லம் கம்யூன், வெயிலில் காய்ந்தால் தன் செவுள்களை நீளவாக்கில் பிளந்து சுருட்டிக்கொள்ளும். ஈரம் பட்டதும் மீண்டும் விரிக்கும். அந்தப் பிளவைப் படத்தில் காட்ட இவ்வளவு அருகில் போகாமல் முடியாது.

அருகில் போகப் போக, படத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே வரும். குடையின் முன்விளிம்பு தெளிவாக இருந்தால் தண்டு மங்கிவிடும். இதற்குத் தீர்வாகக் குவிய அடுக்கல் வசதியைக் கேமராவுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி 3 முதல் 10 படங்கள் வரை எடுத்து, அவற்றின் கூர்மையான பகுதிகளை இணைத்து ஒரே படமாகத் தருகிறது. இணைத்த படத்தில் ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால் சட்டகத்தில் காளானைச் சுற்றிச் சற்று இடம் விட்டு எடுக்க வேண்டும். கம்பி போன்ற தண்டுடைய மராஸ்மியஸ் வகைகள் மெல்லிய காற்றுக்கே ஆடும். அவற்றுக்கு இந்த வசதி அவ்வளவாகக் கைகொடுக்காது.

அசையாத லைக்கனுக்கோ இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை. காளானைத் தேடிப் போகிறவர்களில் பலர் லைக்கனைக் கவனிக்காமல் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மசாலாவோடு சேர்த்து வாங்கிவரும் கல்பாசியும் லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் கூடி வாழும் உயிர் அது. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் பட்டையில் சாம்பல் நிறத் திட்டுகளாகப் படர்ந்திருப்பவற்றை உற்றுப் பார்த்தால், கிராஃபிஸ் வகை லைக்கன்களின் கரிய கோடுகள் யாரோ கிறுக்கிய எழுத்துப் போல ஓடுவதைக் காணலாம். மிகச் சிறிய அக்கோடுகள்தான் அதன் வித்துகள் உருவாகும் இடங்கள். கோட்டின் உதடுகள் மூடியிருக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா என்பது இனத்தை அடையாளம் காண உதவும் கூறுகளில் ஒன்று. வளைந்த பட்டையின் மேல் இதைப் படமாக்க நுண்ணோக்கி முறையும் குவிய அடுக்கலும் சேர்ந்தே தேவை. இதற்காகப் புக்கிட் தீமா காப்புக்காடு வரை போக வேண்டியதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழே நிற்கும் மரமே போதும்.

வெளிச்சம்தான் இக்கேமராவுக்குக் கடினமான சோதனை. மழைக்காட்டின் தரையை எட்டுவது உச்சியில் விழும் ஒளியில் மிகச் சிறிய பங்கே. டிஜி-7இன் சென்சாரோ 1/2.33 அங்குலம் மட்டுமே. ஒளிக்கு சென்சார் காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ அளவை உயர்த்தினால் காளானின் மென்மையான நிறத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் தோன்றும். லென்ஸின் திறப்பு அகலக் கோணத்தில் எஃப் 2.0 ஆக இருந்து, முழு ஜூமில் எஃப் 4.9 ஆகக் குறுகுகிறது. ஆகவே இருட்டான இடங்களில் ஜூம் செய்வதைவிடக் கேமராவை அருகில் கொண்டுபோவதே நல்லது. தனியாக விற்கப்படும் எல்ஜி-1 என்ற வளையம், கேமராவிலுள்ள எல்இடி ஒளியை லென்ஸைச் சுற்றிப் பரப்புகிறது. 1 செ.மீ. தூரத்தில் கேமராவின் நிழலே பொருளின் மேல் விழும் என்பதால் இவ்வளையம் மிகவும் அவசியம். எஃப்டி-1 என்ற மற்றொரு துணைப்பொருள் ஃபிளாஷ் ஒளியை அதே முறையில் பரப்பும். ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்துக்கொள்ள அது உதவும். ஆனால் சுற்றிலுமிருந்து வரும் ஒளி லைக்கனின் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கிவிடும். அதற்குச் சிறிய டார்ச் ஒன்றைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து எடுப்பதே சிறந்தது.

15 மீட்டர் ஆழம் வரை நீர் புகாத உடல் என்பது நம் பருவமழைக்கு மிகையாகத் தோன்றலாம். சேற்றில் நேராக வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து குழாயடியில் கழுவ முடிகிறது என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. காளானைப் பறிக்காமல் குடையின் அடிப்புறத்தைக் காட்டக் கேமராவைத் தரையில் வைத்து மேல்நோக்கி எடுக்க வேண்டும். அப்போது ஒரு குறை தெரிகிறது: 3 அங்குலத் திரை திருப்ப முடியாதது. நிறுவனத்தின் செயலி வழியாகக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம் என்பதால் இதைச் சமாளித்துவிடலாம். வைஃபை பேட்டரியைக் கூடுதலாகச் செலவழிக்கும் என்பதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும்.

கைக்கு எட்டாத காளானுக்கு இது ஏற்றதல்ல. காலையில் வலையாடையை விரித்து அன்றைக்கே வாடிவிடும் ஃபாலஸ் இண்டூசியாட்டஸ் காளான் பாதையிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே முளைத்திருந்தால், 100 மி.மீ.க்கு நிகரான ஜூமில் அந்த வலையின் கண்களை நெருங்க முடியாது. அப்படிப்பட்டவற்றையே அதிகம் விரும்புகிறவர், லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவும் சிறு பொருள்களைப் பெரிதாகக் காட்டும் நீண்ட மேக்ரோ லென்ஸும் வாங்கிக்கொள்வதே சரி.

2019இல் வந்த டிஜி-6 ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மாற வேண்டிய அவசியமில்லை. சென்சாரும் லென்ஸும் அப்படியே இருக்கின்றன. யூஎஸ்பி-சி மின்னேற்றம் வந்திருப்பது வசதிதான் என்றாலும் படத்தின் தரத்தை அது மாற்றாது. புதிதாக வாங்குபவர் கேமராவோடு எல்ஜி-1 வளையத்தையும் கூடுதல் பேட்டரி ஒன்றையும் சேர்த்தே வாங்கலாம். எஃப்டி-1ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.