டீசல் காரும் ஆல்கோ இன்ஜினும்: 13 வருடம், 1,84,000 கிலோமீட்டர்

2012 மே மாதம் இந்த வண்டியை எடுத்தபோது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. வீட்டில் எல்லோரிடமும் அந்தக் கணக்கைத்தான் சொன்னேன். கணக்கு பொய்யில்லை. ஆனால் நான் டீசல் கார் வாங்கியதற்குக் காரணம் நாகர்கோவில் கோட்டாறில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்ததுதான்.

எங்கள் மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979ல். முதலில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை, அப்புறம் 1981ல் திருநெல்வேலிப் பாதை. நான் விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் டீசல் இன்ஜின்தான். ஜங்ஷனில் இன்ஜினைக் கழற்றி, ரேக்கை, அதாவது பெட்டி வரிசையை, சுற்றிக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டுவார்கள். அந்த இருபது நிமிடத்துக்காக டியூஷனுக்குப் பிந்திப் போய் அடி வாங்கியிருக்கிறேன். ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்த அந்த டீசல் இன்ஜின் சும்மா நிற்கும்போது ஒரு சத்தம் கொடுக்கும். தாளம் நடுநடுவே தப்புவது போலவும், தப்பிய இடத்திலேயே மறுபடி பிடிப்பது போலவும் இருக்கும். பக்கத்தில் நின்றால் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் தெரியும். எங்கள் சித்தப்பா ரயில்வேயில் லோகோ பைலட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டீசலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தந்தது.

வண்டி எந்த கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது இன்ஜினைப் பற்றி. பியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட், 1,248 சிசி, 75 குதிரைத்திறன். மாருதி, டாடா, பியட் மூன்று கம்பெனி கார்களிலும் இதே இன்ஜின் வேறு வேறு பெயரில் இருந்தது. அந்தக் காலத்தில் டீசல் கார் வைத்திருந்தவர்களில் பலர் இதைத்தான் ஓட்டியிருப்பார்கள்.

என் 13 வருடத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே வண்டி இரண்டு வேறு வண்டி மாதிரி நடந்துகொண்டது.

முதல் ஆறு வருடம் எனக்கு வேலை திருநெல்வேலியில். வாரத்தில் மூன்று நாள் காரிலும் மற்ற நாள் ரயிலிலும் போய்வந்தேன். போக 80 கிலோமீட்டர், வர 80. தோவாளை, ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, அங்கிருந்து வள்ளியூர், நாங்குநேரி என்று நேராக நாலுவழிச் சாலை. ஐந்தாவது கியரில் 80ல் விட்டால், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 1,900 பக்கம் அசையாமல் நிற்கும். இந்த இன்ஜினின் முழு டார்க், அதாவது சுற்றி இழுக்கும் விசை, 190 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 2,000 ஆர்பிஎம்மில். அதாவது இன்ஜின் தனக்குப் பிடித்த இடத்திலேயே ஒரு மணி நேரம் இருக்கும். அந்த ஆறு வருடத்தில் 1,38,000 கிலோமீட்டர் ஓடியது. ஆயில், பில்டர், டயர், பிரேக் பேட் தவிர இன்ஜினுக்கு நான் செலவு செய்தது எதுவும் நினைவில்லை. மைலேஜ் 21க்குக் கீழே போனது அபூர்வம்.

ஒரே ஒரு விதிவிலக்கு காற்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் மேல்காற்றை ஓட்டியவர்களுக்குத் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காலையில் திருநெல்வேலி போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவது போல இருக்கும், 23 வரைகூடக் கிடைத்திருக்கிறது. சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று முகத்தில். பணகுடி தாண்டியதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும், மைலேஜ் 19க்கு இறங்கிவிடும். ஆனாலும் நாலாவது கியருக்கு இறக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்காமல் லேசாக அழுத்தினாலே இழுக்கும். எனக்கு டீசலில் பிடித்தது இந்தக் குணம்தான். வேகத்தைக் காட்டாது, சுமை ஏறினாலும் முனகாது.

ரயில் இன்ஜினிலும் இதே குணம், அளவுதான் வேறு. டபிள்யூடிஎம்-2 என்கிற ஆல்கோ இன்ஜினை 1964லிருந்து வாரணாசியில் கட்டினார்கள். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். அதில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவே பதினொரு லிட்டருக்குப் பக்கத்தில் வரும். என் காரின் நாலு சிலிண்டரும் சேர்ந்தால் ஒன்றேகால் லிட்டர். ஆனால் லிட்டர் கணக்கில் பார்த்தால் அந்த ராட்சசன் தரும் சக்தி லிட்டருக்கு 15 குதிரைத்திறன்தான், என் கார் 60. ஆல்கோ முழு வேகத்தில் சுற்றுவதே 1,000 ஆர்பிஎம். சும்மா நிற்கும்போது 400. என் கார் சிக்னலில் நிற்கும்போதே 850ல் சுற்றுகிறது. அந்த இன்ஜின்கள் எப்படி இத்தனை பத்தாண்டு உழைத்தன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். அதைக் கசக்கிப் பிழியவில்லை. இன்ஜினைப் பராமரிக்கும் ஷெட்டில் தேதி தவறாமல் திறந்து பார்த்ததும் இன்னொரு காரணம். எர்ணாகுளம், பொன்மலை ஷெட்களில் அந்த வேலை செய்த கைகளுக்குக் கும்பிடு போடலாம்.

2018ல் நாகர்கோவிலுக்கே மாற்றலாகி வந்தேன். வீட்டிலிருந்து அலுவலகம் நாலு கிலோமீட்டர். செட்டிகுளம், கோர்ட் ரோடு, வடசேரி. காலையில் போகும்போது வெப்பமானி முள் பாதிக்கு ஏறுவதற்குள் அலுவலகம் வந்துவிடும். வண்டியின் இரண்டாம் வாழ்க்கை அங்கே ஆரம்பித்தது.

முதலில் மைலேஜ் 15க்கு இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். அப்புறம் 2020ல் ஊரடங்கு. வண்டி மாதக்கணக்கில் போர்ட்டிகோவில் நின்றது. பேட்டரி போனது பெரிய விஷயமில்லை. ஆனால் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு இழுவை குறைந்துகொண்டே வந்தது. பார்வதிபுரம் மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறக்க வேண்டியிருந்தது. பின்னால் வருபவர் முகத்தில் கரும்புகை. ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, டர்போ (புகையின் விசையில் சுற்றி இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும் விசிறி) போய்விட்டது, மாற்ற 42,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

நம்ப மனமில்லை. டர்போ போனால் விசில் சத்தம் மாறும், ஆயில் குறையும். இரண்டும் இல்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மக்கா, இத நீ கடைசியா எப்போ சூடாக்கி ஓட்டின?"

எனக்குப் பதில் இல்லை. அவர் ஆல்கோவைப் பற்றிச் சொன்னார். ரொம்ப நேரம் ஐட்லிங்கில் நின்ற இன்ஜினில் டீசல் முழுசாக எரியாது. எரியாத எண்ணெய் புகை போகும் வழியில் ஈரமாகப் படியும். அப்புறம் வண்டியை எடுத்து நாட்ச், அதாவது ஆக்சிலேட்டர் படி, ஏற்றும்போது அத்தனையும் சேர்ந்து கருப்பாக, சில நேரம் நெருப்புப் பொறியோடு வெளியே வரும். சுமையோடு கொஞ்ச தூரம் ஓடினால் தானே சுத்தமாகிவிடும். "உன் கார் இப்போ ஐட்லிங்ல நிக்கிற இன்ஜின் மாதிரிதான். ஓடுது, ஆனா ஓடல."

கோட்டாறில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் இஜிஆர் வால்வைக் கழற்றிக் காட்டினார். வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு அது. நைட்ரஜன் ஆக்சைடு குறைவதற்காக வைத்தது. நீண்ட தூரம் சூடாக ஓடும் இன்ஜினில் அதிகம் அடைக்காது. என்னுடையதில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து தார் மாதிரி கட்டியிருந்தது. காற்று போகும் மேனிபோல்டில் விரல் நுழையும் அளவுக்குத்தான் துவாரம். அரை நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தார். 2,200 ரூபாய். டர்போ இன்றுவரை அதே டர்போதான்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வள்ளியூர் வரை போய் வருகிறேன். மற்ற நாள் முடிந்தவரை ஸ்கூட்டர். புகை நின்றது, மைலேஜ் 17 பக்கம் வந்தது.

கிளட்ச் கதை தனி. 1,52,000ல் மாற்றினேன். ஆறு வருடம் நெடுஞ்சாலையில் தேயாத கிளட்ச், மூன்று வருடம் நகரத்திலும் மார்த்தாண்டம் நெரிசலிலும் தேய்ந்துவிட்டது. 2018ல் மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்து நேரே போகிறவர்களுக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் கீழே கடைத்தெருவுக்கு வேலையாகப் போனால் அரை கிளட்சில்தான் ஊர்ந்தாக வேண்டும். டர்போ 1,800க்கு மேல்தான் விழிக்கும். அதற்குக் கீழே இந்த இன்ஜினில் உயிர் இல்லை. ஆக, ஒவ்வொரு முறை நகரும்போதும் கொஞ்சம் ஆக்சிலேட்டர், கொஞ்சம் கிளட்ச் தேய்ப்பு.

இந்த இடத்தில்தான் ரயில் இன்ஜினும் கார் இன்ஜினும் பிரிகின்றன. டீசல் லோகோவில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதே இல்லை என்றால் பலர் நம்ப மாட்டார்கள். இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் அச்சில் மாட்டியிருக்கும் டிராக்ஷன் மோட்டாருக்குப் போகும், மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும். கிளட்ச் இல்லை, கியர்பாக்ஸ் மாற்றும் வேலை இல்லை. எட்டு நாட்ச், அவ்வளவுதான். மின் மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான் இழுவை அதிகம். அதனால்தான் இருபது பெட்டி ரேக்கைக் குலுக்காமல் எடுக்க முடிகிறது. டீசல் காருக்கு அந்த மோட்டார் பாதி இல்லை. இழுக்கும் இன்ஜினைக் கொடுத்துவிட்டு, கிளம்பும் வேலையை ஒரு கிளட்ச் தட்டின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

போன வருடம் அலுவலக நண்பரின் எலெக்ட்ரிக் காரை வடசேரியிலிருந்து ஒழுகினசேரி வரை ஓட்டிப் பார்த்தேன். கிளம்பிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, இது டிராக்ஷன் மோட்டார். ஊருக்குள் நாலு கிலோமீட்டர் போகிறவருக்கு அதைவிடச் சரியான வண்டி இல்லை. டீசலை நேசிக்கிறவன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். ரயில்வேயும் அதையேதான் செய்தது. ஜங்ஷனில் இப்போது டபிள்யூஏபி-7 என்ற மின்சார இன்ஜின் வந்து நிற்கிறது, 6,000 குதிரைத்திறனுக்கு மேல். டீசலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பித் தருகிறது. சரியான முடிவு. ஆல்கோவின் சத்தம் மட்டும் இல்லை. பிளாட்பாரத்தில் நிற்கும்போது எனக்கு அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இப்போது யாராவது பழைய டீசல் கார் வாங்கலாமா என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரே மூச்சில் எத்தனை கிலோமீட்டர்? முப்பதுக்கு மேல் என்றால் தைரியமாக வாங்கலாம். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் வருகிறவர், ஆள் ஏற்றிக்கொண்டு மதுரை, திருவனந்தபுரம் ஓடுகிறவர், இவர்களுக்கு இது இன்னும் நல்ல வண்டி. பள்ளிக்கூடம், சந்தை, கோயில் என்று சுற்றுகிறவர் வேண்டாம். எரிபொருள் விலை வித்தியாசமும் பத்து ரூபாய்க்குள் வந்துவிட்டது, சின்ன ஓட்டத்தில் அது சர்வீஸ் செலவுக்கே போய்விடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. அதற்குப் பின் வந்த டீசல்களில் கரியைப் பிடித்து எரிக்கும் பில்டர் உண்டு. அது சுத்தமாவதற்கும் நீண்ட சூடான ஓட்டம் வேண்டும்.

வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனியுங்கள். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து நின்றதும் சாவியைத் திருப்பாதீர்கள், ஒரு நிமிடம் ஓடட்டும். "டர்போ இன்னும் சுத்திட்டு கெடக்கும்லா, எண்ணெய் நின்னா பேரிங் என்ன செய்யும்?" என்று சித்தப்பா கேட்டதிலிருந்து நான் தவறியதில்லை. இன்னொன்று உப்புக்காற்று. சங்குத்துறை, முட்டம் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். எனக்கு இன்ஜினைவிட அதிகம் செலவு வைத்தது துருதான். சைலன்சரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, பின்கதவின் கீழ் விளிம்பில் தகடு வைத்து வெல்டிங் செய்திருக்கிறேன்.

2027ல் பதிவின் 15 வருடம் முடிகிறது. விற்றுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் புதுப்பிக்கத்தான் நினைக்கிறேன். மகளுக்குத் திருநெல்வேலியில் கல்லூரி கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் கூட்டிவரப் போக வேண்டும். ஆடி மாதம் கணவாயில் காற்று முகத்தில் அடிக்கும். நாலாவது கியருக்கு இறக்காமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.