பேட்டன்ட் வழக்கா, திவால் வழக்கா? சென்னை ஜூனியர்களுக்கு

சென்னையில் தொழில் தொடங்கும் வக்கீலுக்கு என் சிபாரிசு திவால் சட்டம்தான். பேட்டன்ட் (காப்புரிமை) அலுவலகத்தில் விண்ணப்பங்களை நடத்தும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆகத் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். ஆனால் கோர்ட்டில் பேட்டன்ட் வழக்கு நடத்த பார் கவுன்சில் பதிவே போதும். அதனால் தகுதி இங்கே பெரிய விஷயம் இல்லை.

முதல் ஐந்து வருடத்தில் நீங்களே எழுந்து நின்று வாதாட எத்தனை மனு கிடைக்கும் என்பதுதான் கேள்வி. 2016 திவால் சட்டத்தில் ஒரு கம்பெனி என்.சி.எல்.டி.க்குள் (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) போய்விட்டால் மூல மனுவோடு கதை முடியாது. கடன் கோரிக்கையை, திவால் நடவடிக்கையை நடத்தும் ரெசல்யூஷன் புரொஃபஷனல் நிராகரித்தார் என்று ஒருவர் வருவார். கம்பெனிமீது நடவடிக்கை எடுக்கக் கூடாத தடைக்காலத்தில் மின் இணைப்பைத் துண்டித்தார்கள் என்று இன்னொரு மனு. திவால் நடவடிக்கையை முடிக்க வேண்டிய 330 நாள் கணக்கில் சில நாளைக் கழிக்கச் சொல்லி ஒன்று. கடைசி இரண்டு வருடத்தில் உறவுக் கம்பெனிக்குத் தள்ளிவிட்ட பணத்தை மீட்க 43ஆம் பிரிவில் ஒன்று. இவை பெரும்பாலும் ஜூனியர் கைக்குத்தான் வரும்.

பேட்டன்ட் வழக்கில் இடைக்காலத் தடை மனுவிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுவதால் சீனியர்தான் எழுவார். நீங்கள் பின்னால் உட்கார்ந்து கிளெய்ம் சார்ட் (பேட்டன்ட் கோரிக்கைகளை எதிராளியின் பொருளோடு ஒப்பிடும் பட்டியல்) எடுத்துக் கொடுப்பீர்கள்.

திவாலில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவையே. சரக்கோ சேவையோ கொடுத்தவர் போடும் 9ஆம் பிரிவு மனுவுக்குப் பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும். அதற்கு முன் பாக்கியைக் கேட்டு 8ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து 10 நாள் பொறுக்க வேண்டும். நோட்டீஸுக்கு முன்பே ‘சரக்கு சரியில்லை’ என்று எதிர்த்தரப்பு உருப்படியாக ஒரு மெயில் போட்டிருந்தால் மனு தேறாது. கட்சிக்காரரின் மெயில்களை முதல் நாளே வாங்கிப் படியுங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள், தாமதத்தை மன்னிக்க இன்னும் 15. 46ஆம் நாள் அப்பீல் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் கிடையாது. இலவச நகல் வரட்டும் என்று காத்திருந்தால் காலம் நிற்காது என்பதை, சென்னை என்.சி.எல்.டி.யிலிருந்து போன வி. நாகராஜன் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உத்தரவு சொன்ன அன்றே சான்று நகலுக்கு மனுப் போடுங்கள்.

திவாலின் பெரிய குறை, எல்லாமே பிரமாணப் பத்திரத்தில் ஓடுவது. பல வருடம் நடத்தியும் ஒரு சாட்சியைக்கூடக் குறுக்கு விசாரணை செய்யாதவராக நீங்கள் இருக்கக்கூடும். பேட்டன்ட் வழக்கு விசாரணைவரை போனால் நிபுணர் சாட்சியையே விசாரிக்கக் கற்றுத்தரும், போனால்தான். திவாலோடு வணிக நீதிமன்றத்தில் ஒன்றிரண்டு பண வசூல் வழக்கும் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பதிலுரைக்கு 120 நாள்தான் உச்சவரம்பு.

வேதியியலோ மருந்தியலோ படித்தவருக்கு என் கணக்கு மாறும். தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குப் பலன் கூடாவிட்டால் பேட்டன்ட் இல்லை என்ற 3(டி) பிரிவு வாதத்தில் மூலக்கூறு புரியாமல் நிற்க முடியாது. 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த, மருந்துக் கம்பெனி நோவார்டிஸின் வழக்கு, சென்னை பேட்டன்ட் அலுவலகம் 2006-ல் நிராகரித்த விண்ணப்பத்தில் தொடங்கியதுதான். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியமான ஐ.பி.ஏ.பி. 2021-ல் கலைந்தபின், பேட்டன்ட் அலுவலக உத்தரவுகளுக்கு எதிரான 117ஏ மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றத்துக்கே வருகின்றன. கெடு மூன்று மாதம். காரணம் எழுதாத நிராகரிப்பு உத்தரவாக இருந்தால், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பக் கேட்கும் வாதத்தை ஜூனியரே செய்யலாம்.