மாற்றம் நடந்தது, மின்னஞ்சல் ஏன் வரவில்லை?

சிங்கப்பூரில் சமூக மன்றத்தின் தமிழ் வகுப்புகள், நூலகத் தமிழ் நிகழ்ச்சிகள், ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழா அறிவிப்புகள். இந்தப் பக்கங்களில் எது மாறினாலும் எனக்கு மின்னஞ்சல் வரும்படி சேஞ்ச்டிடெக்‌ஷன்.ஐஓ மென்பொருளைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். இலவசத் திறமூல மென்பொருள். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், பழைய மடிக்கணினி ஒன்றில், மென்பொருள்களைத் தனித்தனி உறைகளில் ஓட்டும் டாக்கர் வழியாக ஓடுகிறது. எனக்கு மிகவும் பிடித்துப்போன கருவி இது. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகிற வகுப்புகளுக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

மின்னஞ்சல் வரவில்லை என்றால் உடனே மின்னஞ்சல் அமைப்பைக் குடையாதீர்கள். கருவியின் பட்டியலில் கடைசியாக மாறிய நேரத்தைப் பாருங்கள். மாற்றம் பதிவாகியிருந்தால் சிக்கல் அஞ்சல் பக்கம். பதிவாகவே இல்லை என்றால் சிக்கல் கண்காணிப்பில். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

கண்காணிப்பில் நான் அதிகம் கண்டது ஜாவாஸ்கிரிப்ட் சிக்கல். கருவி இயல்பாக வெறும் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தின் மூலக் குறியீட்டை, மட்டுமே எடுக்கிறது. வகுப்புப் பட்டியலோ அதற்குப் பிறகு, உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூலம் வந்து நிரம்புகிறது. முன்னோட்டத்தில் பட்டியல் தெரியாவிட்டால், அந்த நிரலையும் ஓட்டிப் பக்கத்தை முழுதாகத் திறக்கும் பிளேரைட் உலாவிக்கு மாற்றுங்கள். அது நினைவகத்தை நிறைய தின்னும் என்பதால் தேவையான பக்கங்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

எதிர்மாறான தொல்லையும் உண்டு. தேதி, விளம்பரம் மாறினால்கூட அஞ்சல் குவியும். குவிந்தால் நாம் திறப்பதை நிறுத்திவிடுவோம், அப்புறம் உண்மையான அறிவிப்பும் அதோடு போய்விடும். அதனால் பட்டியல் இருக்கும் பகுதியை மட்டும் வடிகட்டியில் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் வடிவமைப்பு மாறி அந்தப் பகுதி காணாமல் போனால் எச்சரிக்கும் வசதியும் இருக்கிறது. அதை அணைக்கவே கூடாது.

சரி, அஞ்சல் பக்கம். ஜிமெயில் வழியாக அனுப்பினால் கணக்கின் வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது. 2022 மே 30 முதல் கூகல் அதை நிறுத்திவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, இப்படிப்பட்ட மென்பொருளுக்கென்று கூகல் தனியாகத் தரும் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' வாங்க வேண்டும். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் இதுவும் செல்லாமல் போகும். கருவியின் பதிவேட்டில் (log) 535 என்ற பிழை எண் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அஞ்சல் போயும் கண்ணில் படவில்லையா? ஸ்பாமைப் பாருங்கள். தலைப்பில் பக்கத்தின் பெயர் வரும்படி அமையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு இருந்தால் புதியது பழைய உரையாடலுக்குள் மடங்கிக் கிடக்கும்.

சோதனை அறிவிப்புப் பொத்தான் அஞ்சலை மட்டுமே சோதிக்கும். முழு வழியும் ஓடுகிறதா என்று அறிய, தினமும் கட்டாயம் மாறும் வானிலைப் பக்கம் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். காலையில் அந்த அஞ்சல் வராத நாளில், முதலில் மடிக்கணினி தூக்க நிலைக்குப் போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.