மூடியில் மார்க்கர் தேதி: எட்டு வருடம் மீன் தீவனம் வாங்கிய கதை

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் நாலு சின்ன டப்பாக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் மூடியிலும் கறுப்பு மார்க்கரில் ஒரு தேதி. ஊறுகாய் என்று நினைத்துத் திறந்த விருந்தாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது மீன் தீவனம். அந்தத் தேதி தயாரித்த நாளும் இல்லை, காலாவதி நாளும் இல்லை. பாக்கெட்டை நான் பிரித்த நாள். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்வதற்குள் எனக்கு மூன்று வருடமும் நிறையக் கப்பிக் குட்டிகளும் செலவாகிவிட்டன.

2017-ல் மகனுக்காக ஆரம்பித்தது. பெரம்பூரில் இருந்துகொண்டு மீன் வளர்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். அலங்கார மீன் கடைகளுக்குப் பேர்போன கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றடித் தொட்டியில் இரண்டு கோல்டு பிஷ், இரண்டடித் தொட்டியில் கப்பி. தீவனம் கேட்டதும் கடைக்காரர் பெரிய மூட்டையிலிருந்து சிவப்பு உருண்டைகளை அள்ளி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். லேபிள் கிடையாது, தேதி கிடையாது. "எப்போ வந்ததுண்ணா?" என்று கேட்டேன். "எல்லாம் புது ஸ்டாக்குதாங்கா" என்றார். கிலோ கணக்கில் வாங்கினால் மலிவு என்பதால் ஒரு கிலோ வாங்கினேன். இரண்டு கோல்டு பிஷ்ஷும் பத்துக் கப்பியும் ஒரு கிலோவைத் தின்று முடிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வந்தது.

கவரை வைத்த இடம் அதைவிட மோசம். தொட்டியின் மூடி மேலேயே வைத்திருந்தேன், கைக்கு எட்டும் தூரம் என்று. கீழே டியூப்லைட் சூடு, தொட்டியிலிருந்து எழும் ஈரம், போதாததற்குச் சென்னைக் காற்று.

முதல் சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. கப்பி நாலு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். மகன் எண்ணி நோட்டில் எழுதுவான். அடுத்த வருடக் கோடையில் பிறந்த குட்டிகளில் சில, மூன்று நாலு வாரத்தில் முதுகு வளைய ஆரம்பித்தன. பக்கவாட்டில் பார்த்தால் அரிவாள் மாதிரி. இரண்டு மூன்றுக்குச் செவுள் மூடி குட்டையாகி உள்ளே சிவப்பு தெரிந்தது. கடையில் கேட்டதற்கு, "ஒரே குடும்பத்துக்குள்ளயே குட்டி போட்டா அப்படித்தான்" என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வேறு இடத்திலிருந்து புது ஜோடி வாங்கி வந்து, அதே தீவனத்தைப் போட்டேன். அந்தக் குட்டிகளிலும் வளைவு வந்தது. அப்போதுதான் என் சந்தேகம் கவர் பக்கம் திரும்பியது.

மனிதர்களைப் போலவே பெரும்பாலான மீன்களாலும் வைட்டமின் சி-யை உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. தின்றுதான் ஆக வேண்டும். எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் உள்சட்டமாக நிற்கும் கொல்லாஜன் உறுதிப்பட அது தேவை. வளரும் பருவத்தில் கிடைக்காவிட்டால் முதுகெலும்பு வளையும், செவுள் மூடி கோணும், புண் ஆறாது. சிக்கல் என்னவென்றால் சாதாரண அஸ்கார்பிக் அமிலம் சூடு, ஈரம், காற்று எதையும் தாங்காது. பெல்லட், அதாவது இந்த உருண்டைத் தீவனம், தயாராகும்போது ஏறும் சூட்டிலேயே ஒரு பங்கு போய்விடும். மிச்சம் இருந்ததை நான் டியூப்லைட் மேல் வைத்து வறுத்துக்கொண்டிருந்தேன்.

தீவனத்தை மாற்றினேன். அடுத்து வந்த மூன்று ஈத்துக் குட்டிகளில் ஒன்றுகூட வளையவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் விஞ்ஞானம் பேச முடியாது. முதுகு வளைவு பரம்பரையாலும் வரும், மீன்களுக்கு வரும் காசநோயாலும் வரும், வயதாலும் வரும். ஏற்கெனவே வளைந்த குட்டிகள் நிமிரவும் இல்லை. அப்படியே வாழ்ந்து முடிந்தன. ஆனால் லேபிள் இல்லாத கவரை அன்றோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் லேபிள் படிக்கும் பைத்தியம் பிடித்தது. முன்பக்கத்தில் 'நிறம் கூட்டும்', 'வேகமாக வளரும்' என்று என்ன போட்டிருந்தாலும் நான் முதலில் பார்ப்பது பின்பக்கம் இருக்கும் தயாரிப்புத் தேதி. அடுத்து, முதல் இரண்டு மூலப்பொருட்கள் என்ன என்பது. மீன் மாவோ இறால் மாவோ முதலில் வந்தால் சரி, கோதுமை மாவு முதலில் வந்தால் கீழே வைத்துவிடுவேன். மூன்றாவது, வைட்டமின் சி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது. பாஸ்பேட்டோடு பிணைத்த வடிவம் சூட்டையும் நாட்களையும் நன்றாகத் தாங்கும். லேபிளில் அஸ்கார்பில் என்று தொடங்கிப் பாஸ்பேட் என்று முடியும் பெயர் இருந்தால் அதுதான். புரதம் கோல்டு பிஷ்ஷுக்கு முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ஆஸ்கர் மாதிரி வேட்டை மீனுக்கு நாற்பதுக்கு மேல் பார்க்கிறேன்.

ஜெர்மனியில் 1955-ல் உல்ரிஷ் பேன்ஷ் டெட்ராமின் என்ற செதில் தீவனத்தைக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டில் மீன் வளர்ப்பது இவ்வளவு சுலபமானது. அதற்கு முன்னால் புழு தேடி அலைய வேண்டும். ஆனால் செதில் தீவனத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. மெல்லியதாக இருப்பதால் தண்ணீரில் விழுந்த உடனேயே அதிலிருக்கும் சி, பி வகை வைட்டமின்கள் கரைந்து வெளியேற ஆரம்பிக்கும். மிதந்துகொண்டே இருக்கும் செதில் நிமிடத்துக்கு நிமிடம் வெறும் மாவாகிக்கொண்டிருக்கிறது. சின்ன உருண்டைத் தீவனம் கொஞ்சம் தாங்கும். எதுவானாலும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் போடுகிறேன்.

சரி, ஆஸ்கர் கதைக்கு வருகிறேன். 2019-ல் இரண்டு அங்குலக் குட்டியாக வாங்கினோம். உயிர் மீன் போட்டால்தான் கம்பீரமாக வளரும் என்று கடையில் சொன்னார்கள். வாரா வாரம் ஒரு கவர் நிறையச் சின்ன கோல்டு பிஷ் வாங்கி வந்து போடுவோம். மகனின் நண்பர்கள் வேடிக்கை பார்க்கவே வருவார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் ஆஸ்கர் நன்றாக வளர்ந்தது. 2020 தொடக்கத்தில் அதன் நெற்றியில், கண்ணுக்கு மேலே, ஊசி குத்தினது போல் சின்னக் குழிகள் தோன்றின. பிப்ரவரிக்குள் மிளகு அளவு ஆகிவிட்டது.

தலையில் குழி விழும் இந்த நோய்க்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்ல முடியாது. ஒட்டுண்ணி, அழுக்குத் தண்ணீர், சத்துக்குறை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். ஆனால் கோல்டு பிஷ் தீனியில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அது கெண்டைக் குடும்பம். கெண்டை வகைகளின் பச்சை உடலில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது பி1 வைட்டமினை, அதாவது தயமினை, உடைத்துவிடும். 1930-களில் அமெரிக்காவின் நரிப் பண்ணைகளில் பச்சைக் கெண்டை மீன் தின்ற நரிகள் நரம்பு தளர்ந்து விழுந்து செத்தன. காரணம் தேடிப் போனபோதுதான் இது வெளியே வந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டும் பி1 இல்லாமல் வாடுவது என்றால் அது இதுதான். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆனால் ஆஸ்கருக்கு நான் வேகவைத்தா போட்டேன்?

மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் மாற்றவில்லை, ஏனென்றால் ஐயா பெல்லட்டைத் தொட மாட்டார். வாயில் வாங்கி, என்னைப் பார்த்துத் துப்புவார். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து மீன் கடைகள் மூடியதும் வேறு வழியில்லாமல் போனது. வீட்டில் இருந்தது அரை பாக்கெட் பெல்லட் மட்டும். முதல் நாள் நாலு உருண்டை, துப்பல். இரண்டாம் நாள் துப்பல். நாலாம் நாள் கண்ணாடியில் மோதி ஆர்ப்பாட்டம். அத்தை, "பாவம்டி, ஒரு துண்டு மீனாவது போடு" என்று கெஞ்சினார். நன்றாக வளர்ந்த ஆஸ்கர் ஒரு வாரம், பத்து நாள் பட்டினி தாங்கும் என்று தெரிந்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தின்னாத உருண்டைகளைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவேன், தண்ணீர் கெடக் கூடாதே. ஒன்பதாம் நாள் காலை ஒன்றை விழுங்கியது. பதினொன்றாம் நாள் கையிலிருந்து பிடுங்கியது.

வீட்டிலேயே அடைந்து கிடந்ததால் அந்த மாதங்களில் வாரம் இரண்டு முறை தண்ணீரும் மாற்றினேன். ஆகவே குழிகள் மேலும் பெரிதாகாமல் நின்றது தீவனத்தாலா தண்ணீராலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆறு மாதத்தில் ஓரங்கள் மூடி வந்தன. இரண்டு தழும்புகள் மட்டும் இன்னமும் இருக்கின்றன.

உயிர்ப் புழுக்களைப் பற்றிச் சுருக்கமாக. டியூபிபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் விளைவது. ஒரே ஒரு முறை போட்டேன், கோல்டு பிஷ் இரண்டும் ஒரு வாரம் படுத்துவிட்டன. கொசுப் புழு அருமையான தீனிதான், ஆனால் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்து வளர்த்தால் மாநகராட்சி ஆட்கள் வந்து அபராதம் போடுவார்கள், அதுவும் நியாயம்தான். உறைய வைத்த ரத்தப்புழுவை வாரம் ஒரு நாள் போடுகிறேன். உலர்ந்த ரத்தப்புழு டப்பாவைத் திறந்தால் எனக்குத் தும்மலும் கண் அரிப்பும் வரும். அந்தப் புழு சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த டப்பாவை அன்றே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

பணம் வீணான பட்டியலில் முதலிடம் வைட்டமின் சொட்டு மருந்துக்கு. 'தொட்டியில் பத்து சொட்டு விடவும்' என்று போட்டிருந்தது, விட்டேன். நன்னீர் மீன்கள் தண்ணீரை அனேகமாகக் குடிப்பதே இல்லை. அவற்றின் உடலுக்குள் தண்ணீர் தானாக ஏறிக்கொண்டிருக்கும், அதை வெளியேற்றுவதே பெரும்பாடு. தொட்டியில் கலந்த வைட்டமினால் பாக்டீரியாதான் கொழுத்தது, தண்ணீர் பால் மாதிரி ஆனது. அதே மருந்தை இரண்டு சொட்டு பெல்லட்டில் விட்டு, ஊறியதும் உடனே போட்டால் கொஞ்சமாவது வயிற்றுக்குள் போகும். மீதி பாட்டிலை அப்படித்தான் தீர்த்தேன்.

சமையலறைப் பக்கம் அத்தையின் ராஜ்யம். கோயில் தெப்பக்குளத்தில் மீனுக்குப் பொரி போட்டே வளர்ந்தவர். நான் ஆபீஸ் போனதும் கோல்டு பிஷ்ஷுக்குப் பொரி விழும். "அதுங்க என் முகத்தையே பாக்குதும்மா" என்பார். "அத்தை, அதுங்க யார் வந்தாலும் அப்படித்தான் பாக்கும்" என்றால் கேட்க மாட்டார். கோல்டு பிஷ்ஷுக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது, குடல்தான். மாவுச்சத்தாக ஏற்றிக்கொண்டே போனால் சத்தும் கிடைக்காது. மேலே மிதப்பதை விழுங்கும்போது காற்றும் உள்ளே போய், மீன் ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கும். சண்டை போடாமல் சமாதானமாக ஒரு ஏற்பாடு செய்தேன். பொரிக்குப் பதிலாக வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி, வாரம் இரண்டு நாள், அத்தை கையால். அவருக்கும் திருப்தி, மீனுக்கு நார்ச்சத்து.

அப்புறம் கூழ்த் தீவனம். இறால், முருங்கைக் கீரை, கேரட் மூன்றையும் வேகவைத்து அரைத்து, உறைய வைத்து, துண்டு போடுவது. முதல் முறை ஜெலட்டின் போட்டேன். மே மாதம் எங்கள் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி; அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகிப் போய்த் தொட்டி முழுக்கக் கீரை ரசம். அடுத்த முறையிலிருந்து சைனா கிராஸ் என்கிற கடற்பாசிதான். அது ஒரு தடவை உறைந்துவிட்டால் வெந்நீர்ச் சூட்டில்தான் இளகும். காய்ச்சிய கலவை கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு, உறைவதற்குச் சற்று முன்னால், தூளாக்கிய பெல்லட்டைக் கலக்கிறேன். கொதிக்கும்போது கலந்தால் சி வைட்டமின் மறுபடியும் போச்சு. தட்டில் ஊற்றி, சின்னத் துண்டுகளாக வெட்டி, பிரீசரில் ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்வேன். கோல்டு பிஷ் இரண்டுக்கும் அது என்றால் கொள்ளை ஆசை. ஆஸ்கர் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

இப்போது வாங்குவதெல்லாம் ஐம்பது, நூறு கிராம் பாக்கெட்டுகள்தான். கிராமுக்கு விலை கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. பிரித்ததும் மூடியில் தேதி, பிரிட்ஜ் கதவில் இடம். தினமும் வெளியே எடுத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் வெளியே வைத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் தாண்டியதைப் போடுவதில்லை. நாள்பட்ட எண்ணெய் நெடி வந்தால் தேதியைக்கூடப் பார்ப்பதில்லை. தீவனத்திலிருக்கும் மீன் எண்ணெய் கெட்டால் முதலில் அழிவது ஈ வைட்டமின், அப்புறம் கெடுவது மீனின் ஈரல். அந்தப் பழைய ஒரு கிலோவில் மிச்சம் இருந்தது கறிவேப்பிலைத் தொட்டிக்கு உரமாகப் போனது. கறிவேப்பிலை பிரமாதமாக வந்தது.

இந்த மாதம் அசோலா என்கிற, தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடியை வளர்க்கும் முயற்சியில் இருக்கிறேன். மொட்டை மாடியில் ஒரு பழைய டப்பில், கொசு வராமல் வலை கட்டி. கோல்டு பிஷ் முதல் நாளே மேய்ந்துவிட்டன. ஆஸ்கருக்குப் போட்டதும் வாயில் வாங்கி, என்னைப் பார்த்துத் துப்பியது.